கந்தகமும் வடைச்சட்டி எண்ணெயும்

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் நிற்கும் மாணவர்களே, முன்னால் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன, வந்து உட்காருங்கள். இவர் வேதியியல் பேசப் போகிறார் என்பதற்காகக் கதவோரமாக நிற்க வேண்டாம்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயு ஏற்றும் பி.டபிள்யூ. மேப்பிள். மற்றது பெட்ரோலியப் பொருள்களோடு வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம். கப்பலின் எரிபொருளான கனத்த எண்ணெய் கடலில் கொட்டியது. அடுத்தடுத்த நாள்களில் எர்ணாவூர்ப் பக்கம் கரையோரப் பாறைகளுக்கு நடுவே நின்றுகொண்டு மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் அந்தக் கறுப்புச் சேற்றை வாளியில் மொண்டு கைமாற்றிக் கரையேற்றிய படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இயந்திரங்களும் வந்தன. ஆனால் அதிகம் உழைத்தது வாளிதான்.

ஏழு ஆண்டு முடிவதற்குள் அடுத்தது வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் போய்ப் படர்ந்தது. வலை, படகு, அலையாத்தி வேர், நண்டு, கூழைக்கடாவின் இறகு எதுவும் தப்பவில்லை. மறுபடியும் மீனவர்கள் மக்கில் மொண்டார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களையும் சொன்னவுடன், 'இதற்கொரு மருந்து கண்டுபிடித்துவிட்டோம்' என்று நான் ஒரு பொருளைத் தூக்கிக் காட்டுவேன் என எதிர்பார்ப்பீர்கள். அப்படிக் காட்டப் போவதில்லை. தாவர எண்ணெயிலிருந்து எண்ணெய் உறிஞ்சும் ரப்பர் ஒன்று செய்ய முடியும். அது எப்படிச் செய்யப்படுகிறது, எவ்வளவு குடிக்கும், குடித்த பிறகு அதை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. செய்தித்தாள்கள் இரண்டாவது கேள்வியோடு நின்றுவிடுகின்றன. எனக்கு மூன்றாவதுதான் முக்கியம்.

இப்போது உலகம் முழுக்க எண்ணெய்க் கசிவுக்கு விரிக்கப்படும் வெள்ளைத் துணி பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். தண்ணீரைவிட அடர்த்தி குறைவு என்பதால் மிதக்கும். தண்ணீரை ஏற்காது, எண்ணெயை ஏற்கும். விலையும் குறைவு. நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டிய பெட்ரோலியத்தை அள்ளுவதற்குப் பெட்ரோலியத்திலிருந்தே துணி நெய்து, ஒரு முறை நனைத்ததும் மூட்டை கட்டி எரிக்கவோ புதைக்கவோ அனுப்புகிறோம். கசிந்த எண்ணெயோடு குப்பையும் சேர்ந்து பெருகுகிறது. எண்ணெய்க் கசிவுகளில் நீண்ட அனுபவமுள்ள ஐ.டி.ஓ.பி.எஃப். என்ற சர்வதேச அமைப்பே உறிஞ்சிகளை அளவோடு பயன்படுத்துங்கள் என்று அறிவுறுத்துவது இந்தக் குப்பைப் பெருக்கத்தை நினைத்துத்தான்.

'அப்படியானால் பஞ்சு இருக்கிறதே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பறித்தபடியே இருக்கும் பருத்தியின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. அதனால் அது தண்ணீரைத் தள்ளி எண்ணெயை வாங்கும். மருந்துக்கடைப் பஞ்சு அப்படி இல்லை, அதில் மெழுகை நீக்கிவிடுகிறார்கள். நூற்பாலைக்கு ஆகாத முதிராத பருத்தி தன் எடையைப் போல 30 மடங்கு கச்சா எண்ணெயைப் பிடிப்பதாக அமெரிக்காவின் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 2013-இல் காட்டினார்கள். நம்முடைய இலவம் பஞ்சும் இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பொருள். ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றுக் குழல், வெளியே மெழுகு. போடிநாயக்கனூர்ப் பக்கம் மெத்தைக்கும் தலையணைக்கும் போகிற அதே பஞ்சு எண்ணெயை மிக வேகமாக இழுக்கும்.

ஒரே தடவை, நிறைய, உடனே அள்ள வேண்டும் என்றால் நான் பஞ்சுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். சிக்கல் பிழியும்போது வருகிறது. இலவம் இழையைப் பிழியப் பிழிய அந்தக் குழல் நசுங்கிச் சப்பையாகிவிடும். பருத்தி கட்டிதட்டிப் போகும். காற்றில் பறக்கும், நார் உதிரும், வலைப்பையில் அடைத்தால்தான் கட்டுக்குள் நிற்கும். திரும்பத் திரும்பப் பிழிந்தாலும் பழைய வடிவத்துக்கு வருகிற ஒரு பொருள் வேண்டுமென்றால் அது ரப்பராக இருக்க வேண்டும். இங்கேதான் தாவர எண்ணெய் வருகிறது.

எண்ணெய் திரவம். அது எப்படி ரப்பராகும்? நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ, எதை எடுத்தாலும் அதன் மூலக்கூறில் ஒரு கிளிசரால் துண்டும் அதிலிருந்து தொங்கும் மூன்று கொழுப்பு அமில வால்களும் இருக்கும். அந்த வால்களில் சில இடங்களில் கார்பன் அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு உண்டு. அதை ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். கை இருந்தால் பக்கத்து மூலக்கூறோடு கோத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் முடியாது. போதுமான கைகள் கோத்துக்கொண்டால் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வலையாகிவிடும். அதன் பிறகு எண்ணெய் ஓடாது. எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதற்கும், ஆளிவிதை எண்ணெய் பூசிய மரம் சில நாளில் காய்ந்து பளபளப்பதற்கும் காரணம் இதே கைகள்தான். அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து பிடிக்கிறது. நமக்கு வேண்டியது அதைவிட வலுவாகக் கோக்கும் ஓர் ஆள். அந்த ஆள் கந்தகம்.

இது புதுச் சங்கதியும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே தாவர எண்ணெயோடு கந்தகத்தைச் சேர்த்துக் காய்ச்சி, பாக்டிஸ் என்றொரு பழுப்பு நிறச் சரக்கு செய்து ரப்பரில் கலந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பென்சில் எழுத்தை அழித்தோமே, அந்த அழிரப்பரில் சேர்க்கும் பொருள்களில் இதுவும் ஒன்று. அழிக்கும்போது ரப்பர் பொடிப்பொடியாக உதிர்வதற்கு இது உதவுகிறது. அதற்கு முன்பே 1839-இல் சார்லஸ் குட்இயர், இயற்கை ரப்பரில் கொஞ்சம் கந்தகம் கலந்து சூடாக்கினால் அது வெயிலில் உருகாது, குளிரில் வெடிக்காது என்று கண்டுவிட்டார். வல்கனைசேஷன் என்று இன்றைக்கும் டயர் தொழிலில் சொல்கிறார்கள். அங்கே ரப்பர் அதிகம், கந்தகம் சிறிது.

2013-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ப்யூன் என்பவரின் குழு இந்த விகிதத்தைத் திருப்பிப் போட்டது. கந்தகம் அதிகம், கோத்துக் கட்டும் கரிமப் பொருள் குறைவு. அதற்குத் தலைகீழ் வல்கனைசேஷன் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கரிமப் பொருள் பெட்ரோலிய வகையைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்து ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் சாக்கர் குழுவினர் அந்த இடத்தில் சமையல் எண்ணெயை வைத்தார்கள். கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலா எண்ணெய், அதிலும் சமைத்துக் கழித்த எண்ணெய்கூட எடுபட்டது. 2017-இல் அந்த ரப்பர் பாதரசத்தைப் பிடிக்கும் என்று காட்டினார்கள். 2018-இல் கச்சா எண்ணெயையும் டீசலையும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும் என்று எழுதினார்கள்.

செய்முறையைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கந்தகத்தில் எட்டு எட்டு அணுக்களாகச் சேர்ந்து வளையமாக இருக்கும். 120 டிகிரிக்குள் உருகி மஞ்சள் நீராக ஓடும். சுமார் 159 டிகிரியைத் தாண்டினால் வளையங்கள் அறுந்து நீள நீளச் சங்கிலிகளாகும். திரவம் கருத்துக் கெட்டிப்படும். அந்த நிலையில் அதைச் சட்டெனத் தண்ணீரில் ஊற்றினால் இழுத்தால் நீளும் பொருளாக இருக்கும். விட்டுவைத்தால் சங்கிலி மறுபடி வளையமாகி உதிர்ந்து தூளாகிவிடும். பள்ளி ஆய்வகத்தில் இதைச் செய்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அப்படி உதிராமல் தடுப்பதுதான் எண்ணெயின் வேலை. 180 டிகிரி வாக்கில் சம எடை தாவர எண்ணெயை ஊற்றிக் கலக்குகிறார்கள். முதலில் இரண்டும் ஒட்டாது, அடுக்காகப் பிரிந்து நிற்கும். விடாமல் கலக்கக் கலக்க, அறுந்த கந்தகச் சங்கிலிகளின் நுனிகள் எண்ணெயின் கைகளைப் பிடிக்கத் தொடங்கி, எல்லாம் ஒன்றாகும்.

இந்தக் கட்டத்தில் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். நன்றாகப் பொடித்த சமையல் உப்பை அதில் கொட்டினார்கள். கொஞ்ச நஞ்சம் அல்ல, மொத்த எடையில் 70 சதவீதம் உப்பு. உப்பு அந்தக் கலவையில் கரையாமல், எதோடும் வினைபுரியாமல் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். கலவை இறுகி ரப்பராகும். ஆறிய பிறகு உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு கரைந்து வெளியேறும். உப்பு இருந்த இடமெல்லாம் துளை. மிஞ்சுவது பழுப்பு நிறத்தில் ஒரு மெத்தென்ற துகள், கிள்ளினால் அமுங்கித் திரும்பும். துளை எவ்வளவு பெரிது என்பதை உப்புப் பொடியின் அளவு தீர்மானிக்கிறது. கழுவிய உப்புத் தண்ணீரை வெயிலில் வற்றவிட்டால் உப்பு திரும்பக் கிடைக்கும். தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை நான் கற்றுத்தர வேண்டியதில்லை.

இனி அது எவ்வளவு குடிக்கும் என்று நாமே கணக்குப் போடலாம், ஆய்வுக்கூடம் தேவையில்லை. 100 கிராம் கலவையில் ரப்பர் 30 கிராம், உப்பு 70 கிராம். உப்பின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 2.16 கிராம். ஆக 70 கிராம் உப்பு அடைத்திருந்த இடம் 32 மில்லிலிட்டர் சொச்சம். அந்த இடம் முழுவதும் கச்சா எண்ணெய் நிரம்பினால் எடை 28 கிராம் வரும். அதாவது 30 கிராம் ரப்பரின் துளைகளுக்குள் 28 கிராம் எண்ணெய், ஏறக்குறைய தன் எடைக்குச் சமம். எண்ணெயில் ரப்பர் கொஞ்சம் உப்பும். துகளுக்கும் துகளுக்கும் நடுவிலும் எண்ணெய் சிக்கும். அதனால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். ஆனாலும் பருத்தியின் 30 மடங்கு எங்கே, இது எங்கே! மேலும் உப்பு சேர்த்துத் துளையைப் பெருக்கலாமே என்றால், சுவர் மெலிந்து பிழியும்போது நொறுங்கிப் போகும்.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் இது வீண் வேலை' என்று எழுந்து போய்விடாதீர்கள். இந்தத் துகளைத் தண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெயில் தூவினால் எண்ணெயும் துகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாகு போன்ற ஒரே திரளாகிவிடுகின்றன. வலையாலேயே அள்ளலாம். அள்ளியதைப் பிழிந்தால் எண்ணெய் வெளியே வரும், துகளை மறுபடியும் போடலாம். குழாயில் நிரப்பி வைத்து எண்ணெய் கலந்த தண்ணீரை அதன் வழியே ஓடவிட்டால் எண்ணெய் தங்கும், தண்ணீர் போகும். எவ்வளவு குடிக்கிறது என்ற போட்டியில் தோற்றாலும், எத்தனை முறை வேலை செய்கிறது என்ற போட்டியில் நிற்கக்கூடியது. ஒரே ஒரு முறை பிழிந்து அளந்த கணக்கை மட்டும் விளம்பரப்படுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை.

கந்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெருமளவு கச்சா எண்ணெயையும் இயற்கை எரிவாயுவையும் சுத்திகரிக்கும்போது பிரித்தெடுப்பதுதான். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசலில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. அதே ஆண்டு ஜனவரியிலிருந்து கப்பல் எரிபொருளில் கந்தக உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறங்கியது. காற்றுக்கு நல்லது. பிரித்தெடுத்த கந்தகம் உரத்துக்கும் கந்தக அமிலத்துக்கும் போகிறது, சிவகாசிப் பட்டாசுக்கும் கொஞ்சம் போகிறது. கச்சா எண்ணெயிலிருந்து நீக்கிய கந்தகமே கச்சா எண்ணெய்க் கசிவை அள்ள வருவது நல்ல பொருத்தம். 2023-இல் அந்தக் கசிவைக் கண்ட மணலியைச் சுற்றியுள்ள மக்களுக்கு இந்தப் பொருத்தம் கொஞ்சம் கசப்பாகவும் இருக்கலாம்.

சரி, கனோலா எண்ணெய் நம் ஊர்ச் சரக்கல்ல. நம்மிடம் உள்ள எண்ணெய்களில் எது இதற்கு ஆகும்? இதை அயோடின் மதிப்பு என்ற எண் சொல்லிவிடும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை வாங்கிக்கொள்கிறது என்பதே அது. கைகள் அதிகமென்றால் எண் உயரும். தேங்காய் எண்ணெய்க்கு 10-க்குப் பக்கம். கணக்கிட்டால் நாலு மூலக்கூறுக்கு ஒரு கைதான் தேறும். ஆகவே தேங்காய் எண்ணெயை எத்தனை மணி நேரம் கந்தகத்தோடு காய்ச்சினாலும் வலை கோக்காது. தலைக்குத் தடவுவதற்கு அது நல்லதாக இருப்பதன் காரணமும் ஓரளவு இதுதான், சீக்கிரம் சிக்கு பிடிப்பதில்லை. கடலையெண்ணெய்க்கு 90 சொச்சம், ஒரு மூலக்கூறுக்கு மூன்று கை. நல்லெண்ணெய்க்கு 110 வாக்கில், நாலுக்குக் கொஞ்சம் குறைவு. கனோலாவும் கிட்டத்தட்ட அதே நிலை. ஆளிவிதை எண்ணெய் 180-ஐயும் தாண்டும், ஆறு கைக்கு மேல்.

ஆனால் நல்லெண்ணெயைக் கந்தகத்தில் காய்ச்சச் சொன்னால் என் வீட்டிலேயே என்னை உள்ளே விட மாட்டார்கள். தேவைப்படும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு நம்முடையது. சாப்பிடும் எண்ணெயை எடுத்து ரப்பர் செய்வது என்ற பேச்சையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாப்பிடாத எண்ணெய்கள் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்கள் உண்டு. ரப்பர் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் உணவுக்கு ஆகாது, அயோடின் மதிப்போ 130-க்கு மேல். கனோலாவைவிடக் கை அதிகம். பாலிலிருந்தும் ரப்பர், விதையிலிருந்தும் ரப்பர் என்று அந்த மரம் இரண்டு முறை கைகொடுக்கும். புங்கன் எண்ணெயும் கடலையெண்ணெய்க்கு இணையான கை உள்ளதே.

ஆமணக்கு தனி ரகம். விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். அதில் இரட்டைப் பிணைப்போடு ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் உண்டு. அதனால் கந்தகமே இல்லாமல் ஐசோசயனேட்டோடு சேர்த்துப் பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு செய்யலாம். உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. இந்த நுரைப்பஞ்சையும் எண்ணெய் உறிஞ்சியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். நன்றாகவே குடிக்கும். இரண்டு விஷயம் உறுத்துகிறது. பாதிப் பொருள் தாவரம் என்றாலும் மறுபாதியான ஐசோசயனேட் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. 1984 போபாலில் கசிந்ததும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பொருள். பட்டறையில் சாதாரணமாகக் கையாளும் சரக்கு அது அல்ல. அடுத்து, இந்தப் பஞ்சு தண்ணீரையும் கொஞ்சம் குடித்துவிடும், மேற்பரப்பைத் தனியாகப் பதப்படுத்த வேண்டும்.

ஆகவே தலைப்பில் சொன்ன வடைச்சட்டிக்கு வருகிறேன். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடம்புக்குக் கெடுதல். எண்ணெயில் கெட்டுப்போன பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கழித்த எண்ணெயைத் திரட்டி பயோடீசலுக்கு அனுப்பும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. நடைமுறையில் பெரிய கடை கழித்ததைச் சின்னக் கடை வாங்கிப் பொரிப்பது நின்றபாடில்லை. அந்த எண்ணெயைத் தட்டிலிருந்து வெளியேற்றும் எந்த வழியும் எனக்குச் சம்மதம்.

இங்கேதான் ஃபிளிண்டர்ஸ் செய்முறையை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. அங்கே பொரிப்பது கனோலாவில். நம் டீக்கடையில் பஜ்ஜி வேகுவது பெரும்பாலும் பாமாயிலில். பாமாயிலின் அயோடின் மதிப்பு 60-க்குப் பக்கம், மூலக்கூறுக்கு இரண்டே கை. அதிலும் சில மூலக்கூறுக்கு மூன்று, சிலதுக்கு ஒன்று, சிலதுக்கு ஒன்றுமே இல்லை. கோக்கலாம். ஆனால் வலை தளர்ச்சியாக இருக்கும், கோக்காத எண்ணெய் உள்ளே பிசுபிசுவென்று தங்கும். பிழிந்து பிழிந்து பயன்படுத்த வேண்டிய பொருளுக்கு அது பலவீனம். ரப்பர் விதை எண்ணெயையோ ஆளிவிதை எண்ணெயையோ கலந்து கை எண்ணிக்கையை உயர்த்தினால் சரிசெய்யலாம் என்பது என் கணிப்பு. எந்த விகிதம் என்பதைக் கலக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, கழித்த எண்ணெயில் மாவுத் தூளும் ஈரமும் இருக்கும். வடிகட்டாமல், ஈரத்தை முழுக்கப் போக்காமல் 180 டிகிரிக் கந்தகத்தில் ஊற்றினால் கொதித்துச் சிதறும்.

வீட்டில் செய்யாதீர்கள் என்றேனே, அதற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. கந்தகமும் எண்ணெயும் சூட்டில் சேரும்போது இந்த வாயு கொஞ்சம் வெளிவரும். அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆபத்து அப்போதுதான். காற்றைவிடக் கனம் என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும். மூன்றாவது, வினை தானாகவே சூட்டைக் கிளப்பும். அடுப்பை அணைத்தாலும் ஏறலாம். 230 டிகிரியைத் தாண்டினால் கந்தக ஆவி தானே தீப்பிடிக்கும் நிலை வரும். புகைபோக்கி, வெப்பக் கட்டுப்பாடு, விவரம் தெரிந்த ஆள் மூன்றும் இல்லாத கல்லூரிகள் இதில் இறங்க வேண்டாம்.

இப்போது என் மூன்றாவது கேள்வி. குடித்து, பிழிந்து, குடித்து, ஒருநாள் அந்தத் துகள் ஓய்ந்துவிடும். என்ன செய்வது?

தாவரத்திலிருந்து வந்ததால் மண்ணில் மட்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். செடியிலிருந்து வந்தது என்பது ஒரு குணம், மட்குவது வேறொரு குணம். ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. கந்தகத்தால் கோத்த ரப்பர் சீக்கிரம் மட்காது. துகளை அப்படியே ஆற்றில் தூவி, பாதியை அள்ள முடியாமல் விட்டுவிட்டால், எண்ணெய்க் கசிவோடு பிளாஸ்டிக் கசிவையும் நாமே சேர்த்தவர்கள் ஆவோம். ஆகையால் திறந்த கடலில் தூவுவதை நான் ஆதரிக்கவில்லை. வலைப்பையிலோ குழாயிலோ அடைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

எரித்துவிடலாமா? கணக்குப் பாருங்கள். ரப்பரில் பாதி கந்தகம். ஒரு கிலோ எரித்தால் அரைக் கிலோ கந்தகம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு ஒரு கிலோ கந்தக டை ஆக்சைடாக வெளியே வரும். டீசலில் கந்தகத்தைக் குறைக்கப் பாடுபட்டுவிட்டு, இதைக் குப்பைமேட்டில் கொளுத்தினால் எல்லாம் பாழ். இந்த விஷயத்தில் பாலிபுரோப்பிலீன் தேவலை, அதில் கந்தகமே இல்லை. புதிய பொருளைப் புகழும் கட்டுரைகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆறுதலான செய்தியும் உண்டு. கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பு மிதமான சூட்டிலேயே அவிழ்ந்து மறுபடி சேரும். அதனால் இந்த ரப்பர்த் துகளை 100 டிகிரி வாக்கில் அழுத்தினால் ஒட்டிக்கொண்டு பலகையாகிறது என்று அதே ஆஸ்திரேலியக் குழு 2020-இல் காட்டியிருக்கிறது. ஓய்ந்த துகளில் எண்ணெயை நன்றாக நீக்கிய பிறகுதான் அது சாத்தியம். எரிப்பதைவிட நூறு மடங்கு மேல்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், இந்த ரப்பருக்கு நான் கொடுக்கும் இடம் எது? எர்ணாவூரில் 2017-இல் ஒதுங்கியது போன்ற கனத்த எண்ணெய், கடல்நீரோடு கடைந்து கூழாகிவிட்ட பிறகு, எந்த உறிஞ்சியின் துளைக்குள்ளும் எளிதில் நுழையாது. அதற்கு அள்ளுவதுதான் வழி, அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள். இந்த ரப்பரின் இடம் செய்தியில் வராத கசிவுகள். காசிமேட்டுப் படகுகளின் அடியில் டீசலோடு தேங்கும் தண்ணீர். பஸ் பணிமனை, மெக்கானிக் ஷெட், வாட்டர் சர்வீஸ் கடைகளிலிருந்து சாக்கடைக்குப் போகும் தண்ணீர். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீசும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுப் பொது விதி. கப்பல் கழிவுநீருக்குச் சர்வதேச வரம்பு பத்து லட்சத்துக்கு 15 பங்கு. மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்த பிறகு மிஞ்சும் கொஞ்சத்தைப் பிடித்து இந்த வரம்புக்குள் கொண்டுவருவதுதான் கடினம். அங்கே ஒரு பீப்பாய் நிறையத் துகள், உள்ளே வடிகால் தண்ணீர், மாதம் ஒரு பிழிதல் என்று பொருத்தலாம். வண்டி கழுவும் ஷாம்பு கலந்துவிட்டால் எண்ணெய் நுண்துளியாகத் தண்ணீரோடு கலந்து பிடிபடாமல் தப்பிக்கும். ஆகவே அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிரிக்க வேண்டும், அல்லது சோப்புப் போடுவதற்கு முன்னாலேயே எண்ணெயைப் பிடிக்க வேண்டும்.

பின்வரிசையிலிருந்து முன்னால் வந்து உட்கார்ந்த வேதியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைத் திட்டப்பணியாக எடுப்பவர்கள் காய்ச்சி வடித்த தண்ணீரில் டீசலை ஊற்றிச் சோதித்து முடித்துவிடாதீர்கள். காசிமேட்டுத் துறைமுகத் தண்ணீரையும் எண்ணூர்க் கழிமுகத் தண்ணீரையும் பிடித்து வந்து சோதியுங்கள். எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதோடு எவ்வளவு தண்ணீரும் சேர்ந்து வந்தது என்று எழுதுங்கள். முதல் பிழிதலின் கணக்குக்குப் பக்கத்திலேயே இருபதாவது பிழிதலின் கணக்கையும் போடுங்கள். எந்தக் கடையின் எண்ணெய், அயோடின் மதிப்பு என்ன, உதிர்ந்த தூள் எத்தனை கிராம், ஓய்ந்த துகளை எங்கே வைத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். எண் சின்னதாக வந்தால் சின்னதாகவே எழுதுங்கள். அந்த அறிக்கையைத் தமிழில் எழுதி எண்ணூர் மீனவர் கிராமங்களில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். வாளி பிடித்தவர்கள் அவர்கள், எது உதவும் எது உதவாது என்று உங்களுக்குச் சொல்வார்கள்.